வெங்காயத்தின் இலக்கம்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில், அமெரிக்க அரசு இலங்கைப் பொருள்கள் மீது நூற்றுக்கு 44 வீதத் தீர்வை விதிக்கப்போவதாக அறிவித்த செய்தி பத்திரிகைகளிலே பெரிய எழுத்தில் வெளிவந்திருந்தது. அத்தொகை பின்னர் 30 ஆகி, அவ்வாண்டு ஓகஸ்டில் 20 ஆகக் குறைந்தது வேறு கதை. அன்று உயர்தர வகுப்பில் நாம் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தோம். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இந்த நாற்பத்து நாலு எங்கையிருந்து வந்தது? நாற்பத்தைஞ்சு ஏன் வரேல்லை?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. எமக்கோ அக்கேள்வி மிகவும் பிடித்துவிட்டது.

கரும்பலகையிலே கணக்கைப் போட்டுக் காட்டினோம். அமெரிக்கா எம்மிடம் வாங்குவது அதிகம். எமக்கு விற்பது குறைவு. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை எடுத்து, அது எம்மிடம் வாங்கும் பொருள்களின் பெறுமதியால் வகுத்தால் நூற்றுக்கு 88 அளவில் வரும். அதனைப் பாதியாக்கினால் 44. ஒரு நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகள் எல்லாம் நடுங்கிய அந்த இலக்கத்துக்குப் பின்னால் இருந்தது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய ஒரு வகுத்தலும் ஒரு பாதியாக்கலுமே.

“இதை ஆர் சேர் இருந்து வகுத்துப் பார்த்தவை?” என்று அவள் விடாமற் கேட்டாள். எங்கேயோ ஓர் அறையில், கணனிக்கு முன்னால், பெயர் தெரியாத ஓர் இளைஞன் வகுத்திருப்பான் என்றோம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். ஒரு காலத்தில் அப்படியான ஓர் அறையில் இருந்து வகுத்துக்கொண்டிருந்த கதை எமக்கும் உண்டு என்று சொல்லி வாய் மூடுமுன் மணி அடித்துவிட்டது. அன்று நின்ற கதையை இங்கே எழுதுகின்றோம்.

2008ஆம் ஆண்டு. எமக்கு அப்போது வயது இருபத்தேழு. கொழும்பிலே பட்டம் பெற்றபின், ஒரு புலமைப்பரிசிலின் உதவியால் ஐரோப்பிய நகரொன்றில் பொருளியல் முதுமாணிப் படிப்பை மேற்கொண்டிருந்தோம். கோடை விடுமுறையிலே உடன்படித்தவர்கள் பலரும் எங்கேனும் ஒரு சர்வதேச நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தனர். பயிலுநர் என்பவர் யார்? உத்தியோகத்தர் அல்லர், மாணவரும் அல்லர். கழுத்திலே அடையாள அட்டை தொங்கும், கதவுகள் திறக்கும், ஆனால் மூன்று மாதமோ ஆறு மாதமோ கழிந்ததும் அந்த அட்டையை வாயிற்காவலரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும். வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதி கிடையாது. நாமும் ஜெனீவாவிலுள்ள ஒரு நிறுவனத்தின் வர்த்தகக் கொள்கை ஆராய்ச்சிப் பிரிவுக்கு விண்ணப்பித்தோம். மூன்று மாதத்துக்கு வரலாம் என்று கடிதம் வந்தது. சம்பளம் இல்லை, பிரயாணச் செலவு இல்லை, தங்குமிடம் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்பனவும் அதே கடிதத்தில், அதே மரியாதையான நடையில் எழுதப்பட்டிருந்தன.

ஜெனீவாவிலே வாடகை எவ்வளவு என்பதை அறிந்தபோது அக்கடிதத்தை மடித்து வைத்துவிட்டோம். இந்த விடயத்தில் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரியல்ல. உலக வர்த்தக நிறுவனம் தன் பயிலுநருக்கு நாட்படி வழங்குவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் உதவுதொகை வழங்கத் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் செயலகமோ சம்பளமின்றியே பயிலுநரைச் சேர்த்துவந்தது. 2015இல் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் வாடகை கொடுக்க இயலாமல் ஜெனீவா ஏரிக்கரைக்கு அண்மையிற் கூடாரம் அடித்துத் தங்கியவாறு பயிலுநர் வேலைக்குப் போய்வந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதைப் படித்தபோது எமக்குச் சிரிப்பு வரவில்லை.

எமக்குக் கூடாரம் தேவைப்படாமற் போனதற்குக் காரணம் பெரியம்மாவின் மகன். அண்ணர் எண்பதுகளின் இறுதியிலே சுவிற்சர்லாந்துக்குப் போனவர். லோசான் நகரில் ஓர் உணவுச்சாலையின் சமையலறையில் வேலை செய்துவந்தார். “மூண்டு மாதம்தானே, வா” என்று ஒரே வசனத்தில் விடயத்தை முடித்துவிட்டார். அவருடைய சிறிய வீட்டின் முன்னறையிலே இரவில் எமக்குப் பாய் விரிக்கப்பட்டது. லோசானிலிருந்து ஜெனீவாவுக்கு ஏரிக்கரை வழியாக ஏறக்குறைய நாற்பது நிமிட இரயிற் பயணம். மாதாந்தப் பயணச்சீட்டையும் அவரே வாங்கித் தந்தார். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து, சவர்க்கார நீரில் ஊறிச் சுருங்கிய விரல்களை விரித்துப் பார்த்தவாறே அவர் சொன்னார்: “நீ உலகத்துக்குச் சும்மா வேலை செய்யிறாய். நான் உன்னை வைச்சுப் பார்க்கிறன். அப்ப உலகத்துக்கு உதவி செய்யிறது நான்தான் என்ன?” அதற்கு மறுமொழி சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

நிற்க. சர்வதேச நிறுவனம் என்றதும் வாசகர்கள் மனத்தில் எழக்கூடிய காட்சிகளை நாமும் மனத்திற் கொண்டே அங்கு சென்றோம். அக்காட்சிகள் பொய்யல்ல. ஏரியிலிருந்து நீர்த்தாரை ஒன்று 140 மீற்றர் உயரத்துக்கு எழுந்து காற்றிலே சாய்ந்து விழும். வானம் வெளித்தால் தூரத்தே மொன் பிளாங் மலையின் வெண்முடி தெரியும். ஐக்கிய நாடுகள் மாளிகை அமைந்துள்ள அரியானாப் பூங்காவிலே மயில்கள் உலாவும். மாளிகையின் எதிரே, கால் ஒன்று முறிந்த மாபெரும் மரநாற்காலி பன்னிரண்டு மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. நிலக்கண்ணிகளால் உறுப்பிழந்தோரை நினைவூட்டுவதற்காக 1997இல் நிறுவப்பட்டது அது. பிற நாட்டவர் அதன் கீழே நின்று சிரித்தவாறு படம் எடுத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்கு அங்கே நின்று சிரிப்பது இலகுவன்று.

ஏரிக்கரையை ஒட்டிய வில்லியம் ரப்பார்ட் மாளிகை உலக வர்த்தக நிறுவனத்தின் இருப்பிடம். 1920களிலே சர்வதேசத் தொழில் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அது. ஆகையால் சுவர்களிலே தொழிலாளரின் உழைப்பைப் போற்றும் சித்திரங்கள் இருந்தன. பிற்காலத்தில் வர்த்தகத்துக்கு உரியோர் குடிவந்தபோது அவற்றுட் சில மறைக்கப்பட்டு, பல ஆண்டுகளின் பின்னரே மீண்டும் வெளிக்கொணரப்பட்டன.

எமது அறையில் இந்த அழகுகள் எவையும் தெரியவில்லை. முற்றத்தைப் பார்த்த யன்னல், மூன்று மேசை, மூன்று கணனி, மூன்று பயிலுநர். ஒருவர் கென்யா நாட்டவர். மற்றவர் பிரான்சைச் சேர்ந்த பெண். பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் தென்னமெரிக்க நாடொன்றைச் சேர்ந்த அம்மையார். முதல் நாளே எமக்கு ஒரு வேலை தந்தார். தென்னாசிய நாடுகள் உணவுப் பொருள்கள் மீது என்னென்ன இறக்குமதித் தீர்வை விதிக்கின்றன என்பதை ஓர் அட்டவணையாக்க வேண்டும். வேறொருவர் எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அது பின்னிணைப்பு. கொள்கை ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இதுதான் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒருவர் கட்டுரை எழுதுவார். ஒன்பது பேர் அட்டவணை நிரப்புவார்கள்.

உலகத்திலே எல்லைகளைக் கடந்து விற்கப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு என்பதை அங்கேதான் கண்ணாரக் கண்டோம். பிரசல்ஸ் நகரிலுள்ள உலகச் சுங்க நிறுவனம் அதனைப் பேணுகின்றது. 1988இல் நடைமுறைக்கு வந்த அந்த முறையிலே, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கூட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கம் கொண்ட எண் உண்டு. குதிரைக்கு ஓர் எண். கண்ணாடிக் குவளைக்கு ஓர் எண். குடைக்கம்பிக்கும் ஓர் எண். முதல் இரண்டு நாளும் சிறுபிள்ளைபோல அதனைப் புரட்டிப் புரட்டிப் படித்துக்கொண்டிருந்தோம். தேயிலை 0902. தேங்காய் 0801. மூன்றாம் நாள் 070310 என்ற எண்ணிடம் வந்தோம். அது வெங்காயம்.

பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் அந்த ஆறு இலக்கத்துள் ஒன்றாகவே அடங்கியிருந்தன. சட்டியில் இட்டு வதக்கிப் பார்த்த எவரும் இவ்விரண்டையும் ஒன்றென்று சொல்லார். எட்டு இலக்கமாக விரித்து அவற்றைப் பிரித்துக்கொள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆயினும் உலகத்தின் பொதுக்கணக்கிலே எங்கள் வெங்காயத்துக்குத் தனி இடம் இல்லை. எமக்கு அது மனத்தாங்கலாக இருந்தது. ஏனென்பதைச் சொல்ல வேண்டும்.

எமது ஐயா வெங்காயமும் மிளகாயும் செய்த கமக்காரர். புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணிலே நாலு பரப்புத் தோட்டம், பங்குக் கிணறு, அப்பு காலத்துத் துலா, பின்னர் நீரிறைக்கும் இயந்திரம். 1970க்கும் 1977க்கும் இடையிலே அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தும் கட்டுப்படுத்தியும் வந்த காலத்தில், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குக் காலம் கனிந்தது. சுன்னாகச் சந்தையிலே மூட்டையை இறக்குமுன்னரே வியாபாரிகள் வந்து மறிப்பார்கள் என்று ஐயா சொல்வார். எங்கள் வீடு 1974இல் கட்டப்பட்டது. அதை ஊரிலே மிளகாய்க் காசில் எழும்பிய வீடு என்பார்கள். 1977இல் ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவு திறந்தது. “அடுத்த வரியம் அதே மூட்டைக்கு ஆள் இல்லை” என்பது ஐயா வாயிலிருந்து நாம் நூறு தரம் கேட்ட வசனம். நாம் பிறந்தது 1981இல். ஆகவே வீட்டைக் கண்டோம். அதைக் கட்டிய செழிப்பைக் காணவில்லை. பொருளியலைப் பாடமாக எடுத்ததற்கே அந்த வசனம் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகின்றது.

இனி எமது தவறுக்கு வருவோம். இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை அட்டவணையை முடித்து அனுப்பிவிட்டோம். திங்கட்கிழமை காலையிலே அம்மையார் எம்மை அழைத்தார். எமது தாளை மேசையில் விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்து, “உமது நாட்டிலே வெங்காயம் தீர்வை இல்லாமலா உள்ளே வருகின்றது?” என்று கேட்டார். குனிந்து பார்த்தோம். இலங்கை, வெங்காயம், 0. அடுத்த வரி, உருளைக்கிழங்கு, 0. செத்தல் மிளகாய், அதுவும் 0.

நடந்தது இதுதான். தீர்வை இரண்டு வகையில் விதிக்கப்படும். பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை வீதம் என்பது ஒரு வகை. கிலோவுக்கு இத்தனை ரூபா என்பது மற்ற வகை. இலங்கை வெங்காயம் போன்ற பொருள்களுக்கு ரூபாக் கணக்கிலேயே அறவிட்டது. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் கீழ் அமைச்சர் ஒரு வர்த்தமானி அறிவித்தலாலேயே கிலோவுக்குரிய தொகையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. நாமோ வீதம் என்ற தலைப்பின் கீழ் ரூபாவை எழுத முடியாதே என்று அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தோம். பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். மறந்துவிட்டோம். கணனியோ காலியாக இருந்த கட்டத்தைப் பூச்சியம் என்று வாசித்துக்கொண்டது. சராசரியும் அதன்படியே இறங்கியது. மிளகாய்க் காசில் எழும்பிய வீட்டில் வளர்ந்த ஒருவன், உலகத்தின் பார்வைக்குப் போகவிருந்த ஓர் அட்டவணையிலே, தன் ஊரின் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாதுகாப்பே இல்லை என்று எழுதிவைத்துவிட்டான்.

முகம் எரிந்தது. அம்மையார் சினக்கவில்லை. காகிதம் ஒன்றை எடுத்து, ரூபாவை வீதமாக்கும் முறையைச் சொல்லித் தந்தார். கிலோவுக்கு 20 ரூபா தீர்வை என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்துக்கு வந்த வெங்காயம் கிலோ 40 ரூபா எனில் அது நூற்றுக்கு 50 வீதம். அதே வெங்காயத்தின் விலை 20 ரூபாவாக விழுந்தால், சட்டத்திலே ஓர் எழுத்தும் மாறாமல், தீர்வை நூற்றுக்கு 100 வீதமாகிவிடும். விலை விழும்போது மதில் தானாகவே உயரும். விலை ஏறும்போது தாழும். கமக்காரருக்கு அஞ்சும் அரசுகள் இம்முறையை விரும்புவதன் காரணம் அன்றுதான் எமக்கு விளங்கியது. உலக வர்த்தக நிறுவனத்துக்கு இலங்கை கொடுத்த வாக்கின்படி வேளாண்மைப் பொருள்களுக்கு உச்சவரம்பு பெரும்பாலும் நூற்றுக்கு 50 வீதம். ரூபாக் கணக்கில் அறவிடும்போது அந்த வரம்பை எப்போது தாண்டினோம், எப்போது தாண்டவில்லை என்பதை விலைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தாலன்றி ஒருவராலும் சொல்ல முடியாது.

எழுந்து போகும் வேளையில், எம்மையறியாமலே ஐயாவின் கதையை அவரிடம் சொல்லிவிட்டோம். 1974, வீடு, சுன்னாகச் சந்தை, 1977 எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்: “உமது தந்தையாருக்கு அந்த விலையைக் கொடுத்து மிளகாய் வாங்கியவர்கள் யார்?”

இருபத்தேழு வயது வரையில் எமக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோசானிலுள்ள தமிழ்க் கடையில் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி வீட்டுக்கு எடுத்தோம். தொடர்பு கிடைப்பதே அக்காலத்தில் பெரிய காரியம். ஐயா தோட்டத்துக்குப் போயிருந்தார், அம்மா எடுத்தார். மிளகாய்க் காலத்தைப் பற்றிக் கேட்டோம். அம்மா சிரித்தார். “காசு இருந்தது மோனை, கடையில ஒண்டும் இல்லை. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. என்ரை கலியாணச் சீலை எந்த வழியால வந்தது எண்டு கொப்பரைக் கேளாதை.” மலைநாட்டிலும் கொழும்புச் சேரிகளிலும் அந்த வருடங்களிலே மிளகாய் வாங்கியவர்களுக்கு ஐயாவின் வீட்டைத் தெரியாது. வீட்டின் ஒவ்வொரு கல்லிலும் அவர்கள் கொடுத்த சதம் இருந்தது. இதனால் ஐயா மீது எமக்கு மதிப்புக் குறையவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு இறைப்புக்கு எழும்பிய மனிதர் அவர். ஆனால் அட்டவணையிலே 070310 என்ற வரிக்குத் திரும்பியபோது, அதன் வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் ஆட்கள் நிற்பது தெரிந்தது.

கட்டங்களை எல்லாம் மீண்டும் நிரப்பினோம். இம்முறை இறக்குமதி விலைகளைத் தேடியெடுத்து, ஆண்டுக்கு ஆண்டு கணக்குப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு எழுதினோம். அதற்கு ஐந்து வாரம் சென்றது. இடையிடையே நூலகத்துக்குப் போய்ப் பழைய ஆவணங்களைப் படிப்போம். ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டுக்கு 1974 முதல் 1984 வரை செயலாளர் நாயகமாக இருந்தவர் எங்கள் நாட்டவரான காமினி கொறயா. தேயிலை, றப்பர் போன்ற பொருள்களை விற்று வாழும் நாடுகளை விலைச் சரிவிலிருந்து காக்க ஒரு பொதுநிதியம் வேண்டும் என்று அவர் நடத்திய பேச்சுவார்த்தைகளின் ஏடுகள் அலுமாரி அலுமாரியாக இருந்தன. ஐயா மிளகாய் விற்ற அதே ஆண்டுகள் அவை. அந்த ஒப்பந்தம் 1980இல் முடிவாகி, 1989இலேதான் நடைமுறைக்கு வந்தது.

இந்நிலையில் யூலை மாதம் வந்தது. 2001இலே டோகாவில் தொடங்கிய உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையை முடித்துவைக்கும் நோக்கத்துடன் அமைச்சர்கள் ஜெனீவாவிலே கூடினர். யூலை 21ஆம் திகதி தொடங்கி ஒன்பது நாள். நிறுவனத்தின் தலைவர் பஸ்கால் லாமி இருபது விடயங்களை வரிசைப்படுத்தியிருந்தார். பதினெட்டில் கருத்துகள் நெருங்கிவந்தன. பத்தொன்பதாவது விடயம், திடீரென இறக்குமதி பெருகினால் வளர்முக நாடுகள் தம் கமக்காரரைக் காக்கத் தீர்வையை உயர்த்துவதற்குரிய விசேட பாதுகாப்பு ஏற்பாடு. எமது அட்டவணை எந்தக் கட்டுரைக்குப் பின்னிணைப்போ, அந்தக் கட்டுரையின் பொருளும் அதுவே. இறக்குமதி எவ்வளவு பெருகினால் அந்த உரிமையைப் பயன்படுத்தலாம் என்பதிலே இழுபறி. முன்வைக்கப்பட்ட யோசனை நூற்றுக்கு 40 வீதப் பெருக்கம். அது மிக அதிகம், அவ்வளவு பெருகும்வரை பார்த்திருந்தால் கமக்காரர் அழிந்துவிடுவர் என்றது இந்தியா. அமைச்சர் கமல் நாத் ஒரு பக்கம்; அமெரிக்காவின் சூசன் ஷ்வாப் மறு பக்கம். இவ்வேற்பாட்டைக் கோரிய ஜி-33 என்னும் நாடுகள் கூட்டத்திலே இலங்கையும் ஓர் அங்கம்.

பயிலுநருக்கு அங்கே அனுமதி இல்லை. மாலையில் வேலை முடிந்ததும் நாமும் கென்யா நண்பரும் ஏரிக்கரைப் பக்கம் நடந்துபோய், படலைக்கு வெளியே பத்திரிகையாளரோடு நிற்போம். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவரும் அறியார். ஆயினும் எல்லோரும் அறிந்தவர்போலப் பேசுவர். திருவிழாவிலே சுவாமி வெளிவரக் காத்து நிற்கும் சனக்கூட்டத்தின் பேச்சுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. 29ஆம் திகதி பேச்சு முறிந்துவிட்டதாக அறிவித்தார்கள். இருபதாவது விடயமான பருத்தி எடுத்துக்கொள்ளப்படவேயில்லை. மேற்கு ஆபிரிக்கப் பருத்திக் கமக்காரரை நினைந்து கென்யா நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். இலங்கை பழைய பொது உடன்படிக்கையில் அங்கத்துவம் பெற்றதும் ஒரு யூலை 29ஆம் திகதிதான், 1948இல். சரியாக அறுபது ஆண்டு. அந்தத் தற்செயலை அண்ணரிடம் சொன்னோம். அவர், “சாப்பிட்டியா?” என்றார்.

அடுத்த ஞாயிறு ஐயாவே தொலைபேசியை எடுத்தார். பத்திரிகையிலே ஏதோ கண்டிருக்கிறார். “தம்பி, அங்கை என்னவோ பெரிய கூட்டமாமே, என்ன முடிவு?” என்று கேட்டார். முடிவில்லாமற் கலைந்துவிட்டது என்றோம். நூற்றுக்கு 40 வீதம், பாதுகாப்பு ஏற்பாடு, ஜி-33 கூட்டம் எல்லாவற்றையும் எளிய தமிழில் விளக்கப் பார்த்தோம். அட்டையிலே நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “அப்ப பாதை எப்ப திறப்பினமாம்?” என்றார்.

யாழ்ப்பாணத்தை நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கும் தரைவழி 2006 ஓகஸ்ட் முதல் மூடிக்கிடந்தது. கப்பலில் வரும் சீனியும் மாவும் விலையேறியிருந்தன. ஐயாவின் வெங்காயம் கொழும்புக்குப் போக வழியில்லாமல் வீட்டுத் தலைவாசலிலே கிடந்தது. அவர் கேட்டதே சரியான கேள்வி. உலகத்தின் ஐயாயிரம் பொருட்கூட்டங்களுக்கும் இலக்கம் வைத்திருக்கும் அந்தப் பெரும் புத்தகத்தில், மூடிய பாதை ஒன்றினால் வெங்காயத்துக்கு ஏற்படும் தீர்வை நூற்றுக்கு எத்தனை வீதம் என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. மறுநாள் அம்மையாரிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, அதற்கும் ஓர் அடிக்குறிப்பு எழுதும்படி சொன்னார். எழுதினோம். இரண்டு வரி. கட்டுரை அச்சாகி வந்தபோது அதில் ஒரு வரி எஞ்சியிருந்தது. முதற்பக்கத்தின் அடியிலே உதவியாளருக்கு நன்றி என்று எமது பெயரும் இருந்தது, எழுத்துப் பிழையோடு. அந்தத் தாளை ஐயா தம் காலம்வரை பெட்டகத்திலே உறுதிகளோடு சேர்த்து வைத்திருந்தார்.

ஓகஸ்ட் முடிவில் அட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியேறினோம். உடன் இருந்த பிரெஞ்சுப் பெண் பின்னர் அவ்வாறான ஒரு நிறுவனத்திலேயே உத்தியோகம் பெற்றார். அவர் கெட்டிக்காரி, ஐயமில்லை. ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு இடங்களிலே சம்பளமின்றி வேலை செய்ய அவருடைய பெற்றோரால் உதவ முடிந்தது. எமக்கு ஓர் அண்ணரே இருந்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். வெங்காயத்துக்கு அருகே வளர்ந்தவர்கள் அந்த அறைகளிலே குறைவாக இருப்பதற்குப் படிப்பு மட்டுமே காரணம் அன்று என்பது எமது எண்ணம். நாம் திரும்பிவந்து ஆசிரியரானோம். அதைப் பற்றிக் குறையொன்றும் இல்லை.

மணி அடித்த அன்று மாலையே அந்த மாணவி ஆசிரியர் அறை வாசலிலே வந்து நின்றாள். தானும் அப்படி ஓர் இடத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்றோம். முதலில் பட்டம் வேண்டும். சில இடங்களில் மேற்படிப்பும் தொடங்கியிருக்க வேண்டும். ஆங்கிலம் நன்றாக வேண்டும், பிரெஞ்சும் தெரிந்தால் நல்லது. எந்த நிறுவனம் பணம் தருகின்றது, எது தருவதில்லை என்பதை முதலிலேயே கேட்டறிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படக்கூடாது என்றோம். அதுவரையில் என்ன செய்வது என்றாள். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், எங்கள் சின்ன வெங்காயத்தின் விலையையும் இறக்குமதி வெங்காயத்தின் விலையையும் அருகருகே எழுதிவரும்படி சொன்னோம். வெங்காயக் கட்டத்தின் கதை எதையும் அப்போது சொல்லவில்லை.

பதினைந்து வாரத்தின் பின்னர் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கோடு பிடித்து, திகதியிட்டு, நீல மையால் அழகாக எழுதியிருந்தாள். பதினான்கு வாரத்துக்கு விலைகள் இருந்தன. ஒன்பதாம் வாரத்திலே, இரண்டு கட்டங்களுக்கும் குறுக்காகச் சிறிய எழுத்தில் இப்படி இருந்தது: “அம்மாவுக்குக் காய்ச்சல். சந்தைக்குப் போகவில்லை. விலை தெரியாது.”